மழைக்கு முன் ஒரு முடிவு: ஆடு மாட்டுக்கு அரசு நிவாரணம் போதுமா, காப்பீடு வேண்டுமா?

ஐப்பசி அடைமழை பிடிப்பதற்கு முன்னால், ராமநாதபுரம் கடற்கரையோரத்தில் ஆடு மாடு வைத்திருக்கிற ஒவ்வொரு வீடும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பேச்சே எழுவதில்லை. புயலில் ஆடு செத்தால் அரசாங்கம் பணம் தரும் என்ற நம்பிக்கையிலேயே மழைக்காலம் போய்விடுகிறது. அரசாங்கம் தருவது உண்மைதான். ஆனால் எந்தச் சாவுக்குத் தரும், எதற்குத் தராது, எத்தனை உருப்படி வரை தரும் என்பது பலருக்கும் ஆடு செத்த பிறகுதான் தெரியவருகிறது. அப்போது தெரிந்து பயனில்லை. புரட்டாசியிலேயே உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய விஷயம் இது.

இரண்டு வகைக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். ஒன்று, சாயல்குடி, மூக்கையூர், வாலிநோக்கம், ஏர்வாடி பக்கத்துப் பனங்காட்டு மணலில் இருபது, இருபத்தைந்து வெள்ளாடும் ஒன்றிரண்டு மாடும் வைத்துப் பிழைக்கும் குடும்பம். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி வரைக்கும் உள்ள கண்மாய்க்கரை ஊர்களிலும் ஏறக்குறைய இதே அளவுதான். இன்னொன்று, கிடை போடுகிற குடும்பம். நூறு, இருநூறு செம்மறியைக் கீதாரி என்ற மேய்ப்பர் தலைவரின் பொறுப்பில் விட்டு, அறுவடை முடிந்த வயல்களைத் தேடித் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் நடக்கிறவர்கள். இரு குடும்பத்துக்கும் ஒரே பதில் பொருந்தாது.

முதலில் நம் பக்கம் ஆடு எப்படிச் சாகிறது என்று பார்ப்போம். இந்தக் கேள்வியில்தான் மற்றதெல்லாம் நிற்கிறது.

புயல் என்றால் இங்கே எல்லோருக்கும் 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல்தான் நினைவுக்கு வரும். அதைப் பார்த்தவர்கள் இன்று குறைந்துவிட்டாலும் கதை குறையவில்லை. 2020 டிசம்பரில் புரெவி மன்னார் வளைகுடாவில் நம் கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்று வலுவிழந்தது. 2024 நவம்பர் 20 அன்று எந்தப் புயலும் இல்லை. ஆனாலும் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட நாட்களில் பட்டிக்குள் தண்ணீர் ஏறி ஆடு சாவதும், சுவர் விழுந்து மாடு சாவதும் நடக்கத்தான் செய்கிறது.

ஆனால் நான் பார்த்த வரையில் வெள்ளத்தில் போகிற ஆட்டைவிட மழை விட்ட பிறகு சாகிற ஆடுதான் அதிகம். மூன்று நாள் நனைந்து வாடைக்காற்றில் நடுங்கிய குட்டி, நாலாம் நாள் சளி கட்டிச் சாகும். மழைக்குப் பிறகு தளதளவென்று முளைக்கும் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த கொழுத்த ஆடு, துள்ளுமாரி என்ற குடல்நோய் வந்து ஒரே இரவில் விழும். சகதியில் பெருகும் சின்னக் கடி ஈக்கள் நீலநாக்கு நோயைச் செம்மறிக்குள் கொண்டுவரும். வடகிழக்குப் பருவமழைக் காலம்தான் அதற்குப் பருவம். அப்புறம் ஆட்டுக்கொல்லி, குளம்பு அழுகல். இன்னொரு பக்கம் மழையே பெய்யாத வருடம். அப்போது ஆடு ஒரு நாளில் சாகாது. மேய்ச்சல் இல்லாமல் எலும்பும் தோலுமாகி, கருக்கலைந்து குட்டி வீசி, கடைசியில் வியாபாரி கேட்ட விலைக்குப் போய்ச் சேரும்.

ஆக, வெள்ளத்தில் சாவு, நோயில் சாவு, வறட்சியில் தேய்வு என்று மூன்று. அரசின் பேரிடர் நிவாரணம் நேராகக் கைகொடுப்பது முதல் ஒன்றுக்கு மட்டும்தான்.

நிவாரணம் தருவது எவ்வளவு

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து இந்தப் பணம் வருகிறது. அந்த நிதியில் 75 சதவீதம் மத்திய அரசின் பங்கு, 25 சதவீதம் மாநிலத்தின் பங்கு. 2022-23 முதல் 2025-26 வரைக்குமான விதியில் உள்ள தொகை இது: பசு, எருமை இறந்தால் 37,500 ரூபாய். உழவு மாடு 32,000. கன்றுக்குட்டி, கழுதை போன்றவற்றுக்கு 20,000. வெள்ளாடு, செம்மறியாடு, பன்றிக்கு 4,000. கோழி ஒன்றுக்கு 100 ரூபாய், குடும்பத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. இதற்கு முந்தைய விதியில் பசுவுக்கு 30,000, ஆட்டுக்கு 3,000 என்றிருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தமிழக அரசு புதிய தொகையை அறிவித்தது. 2024 ஃபெஞ்சல் புயலுக்கும் ஆட்டுக்கு 4,000, மாட்டுக்கு 37,500 என்றே கொடுத்தார்கள். விதி காலத்துக்குக் காலம் மாறும் என்பதால், விண்ணப்பிக்கும்போது நடப்பில் உள்ள தொகையைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதற்கு நாம் ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. நிலம் இல்லாதவருக்கும், கடன் இல்லாதவருக்கும், எந்தச் சங்கத்திலும் சேராதவருக்கும் கிடைக்கும். ஏழைக் குடும்பத்துக்கு இது பெரிய ஆதரவு, இதைக் குறைத்துச் சொல்ல நான் தயாரில்லை. மின்னல் தாக்கி இறந்த கால்நடைக்கும் தமிழ்நாட்டில் வருவாய்த்துறை வழியாக நிவாரணம் கிடைக்கிறது. பனங்காட்டுப் பக்கம் இது முக்கியம். தெருநாய் கடித்துச் சாகிற ஆடுகளுக்கு 2025இல் தமிழக அரசு தனியாக இழப்பீடு அறிவித்திருக்கிறது. அது வேறு வழி, பேரிடர்க் கணக்கில் சேராது.

குறைகளைப் பார்ப்போம். குடும்பத்துக்குப் பால்மாடு 3 அல்லது சிறு கால்நடை 30 என்பதுதான் உச்சவரம்பு. நூறு ஆடு செத்தாலும் முப்பதுக்குத்தான் பணம், அதாவது 1,20,000 ரூபாய். அடுத்தது, பலன் தரும் நிலையில் உள்ள கால்நடைக்குத்தான் நிவாரணம் என்று விதி சொல்கிறது. மழையில் முதலில் சாவது குட்டிகள். அவற்றைக் கணக்கில் சேர்ப்பது பெரும்பாலும் ஆய்வுக்கு வருகிறவரின் கையில் இருக்கிறது. மூன்றாவது, தொகை. இன்று சந்தையில் ஒரு நல்ல தாயாடு எட்டாயிரம், பத்தாயிரத்துக்குக் குறைந்து கிடைப்பதில்லை. எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போய் 4,000 ரூபாயோடு நின்றால் குட்டிதான் பிடித்துவர முடியும். மாட்டின் கதை வேறு: 37,500 என்பது நம் பக்கத்துச் சாதாரணக் கறவை மாட்டின் விலைக்கு ஓரளவு பக்கத்தில் வருகிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நான்காவது குறைதான் பெரியது. சாவுக்கும் பேரிடருக்கும் நேர் தொடர்பு தெரிய வேண்டும். மழை நின்று ஒரு வாரம் கழித்து நீலநாக்கில் பத்து ஆடு போனால், மருத்துவர் தன் சான்றில் நோய் என்றுதான் எழுதுவார். அவர் எழுதுவது சரியானதும்கூட. பணம் வராது. மழையில் நனைந்து சளி கட்டிச் செத்த குட்டிக்கும் இதே சிக்கல். அதனால் மழை நாளிலேயே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் போய்விடுவது நல்லது: “பட்டி முழுக்கத் தண்ணி நிக்குது சார், குட்டியெல்லாம் நனைஞ்சு கிடக்கு” என்று அன்றைக்கே சொல்லிவைத்தால், பிறகு வரும் சான்றில் காரணம் எழுதும்போது மருத்துவருக்கும் ஒரு பிடிமானம் இருக்கும். கால்நடை மருத்துவ வண்டிக்கு 1962, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்கள் எல்லாப் போனிலும் இருக்கட்டும்.

நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடு செத்தால் புதைக்காமல் முதலில் வி.ஏ.ஓ.வுக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்ல வேண்டும். இறந்த ஆட்டைப் பட்டியோடு சேர்த்துப் படம் எடுக்க வேண்டும். மருத்துவர் பரிசோதித்துச் சான்று தருவார். வி.ஏ.ஓ. அறிக்கை வருவாய் ஆய்வாளர் வழியாகத் தாசில்தாருக்குப் போகும். பணம் வங்கிக் கணக்குக்கு வரும். ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். வெள்ளத்தில் ஆடு அடித்துக்கொண்டு போய் உடலே கிடைக்காவிட்டால் நிலைமை கஷ்டம். அந்த ஆடு இருந்தது என்பதற்கே சாட்சி தேட வேண்டும். இங்கேதான் ஆட்டின் காதில் எண்ணோடு மாட்டும் காது வில்லை வருகிறது. அதைக் காப்பீட்டோடு சேர்த்துப் பேசுகிறேன்.

காப்பீடு: கட்டுவது எவ்வளவு, வருவது எவ்வளவு

தேசியக் கால்நடை இயக்கத்தின் கீழ் மானியத்தோடு காப்பீடு செய்யலாம். முன்பு பயனாளி 20 முதல் 50 சதவீதம் வரை பிரீமியம் கட்ட வேண்டியிருந்தது. 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை அதை எல்லோருக்கும் 15 சதவீதமாகக் குறைத்தது. மீதி 85 சதவீதத்தை மத்திய அரசும் மாநில அரசும் 60-க்கு 40 என்று பகிர்ந்துகொள்ளும். அதோடு ஆடுகளுக்கு 5 கால்நடை அலகு என்றிருந்த வரம்பு 10 அலகாக உயர்ந்தது. ஒரு அலகு என்பது 10 ஆடு. ஆக ஒரு குடும்பம் 100 ஆடு வரை மானியத்தில் காப்பீடு செய்யலாம். நிவாரணத்தின் 30-ஐயும் காப்பீட்டின் 100-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கணக்குக்காகப் பிரீமியம் நூற்றுக்கு 4 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து ஆட்டில் காப்பீட்டு வயதில் உள்ள தாயாடும் ஒரு கிடாவுமாகப் பதினைந்து என்றும், ஒன்றின் மதிப்பு 8,000 என்றும் எடுத்தால் மொத்த மதிப்பு 1,20,000. பிரீமியம் 4,800. நாம் கட்டுவது அதில் 15 சதவீதம், 720 ரூபாய். வருடத்துக்குப் பதினைந்து ஆட்டுக்கும் சேர்த்து இவ்வளவுதான். பதினோரு வருடத்தில் ஒரே ஒரு ஆடு செத்தாலும் கட்டிய பணம் திரும்பிவிடும். எந்தப் பட்டியில் பதினோரு வருடத்துக்கு ஒரு ஆடுதான் சாகிறது?

இதே பட்டியில் வெள்ளத்தில் எட்டு ஆடு போனால் நிவாரணம் 32,000. காப்பீடு இருந்தால் 64,000. எட்டும் துள்ளுமாரியில் போனால் நிவாரணம் ஒன்றுமில்லை. காப்பீடு அப்போதும் 64,000 தரும். இரண்டும் சேர்த்துக் கைக்கு வரும் என்ற கணக்கில் யாரும் முடிவெடுக்க வேண்டாம். எது ஒன்று வந்தாலும் குடும்பம் தாங்குமா என்று பார்ப்பதே நியாயமான கணக்கு.

காப்பீட்டிலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். வயது வரம்பு இருக்கிறது: தமிழ்நாட்டு நடைமுறையில் மாட்டுக்கு இரண்டரை முதல் எட்டு வயது, ஆட்டுக்கு ஒன்று முதல் மூன்று வயது. குட்டிக்கு இல்லை, கிழட்டு ஆட்டுக்கும் இல்லை. மானிய ஒதுக்கீடு மாவட்டத்துக்கு இத்தனை என்று வருகிறது. அது தீர்ந்துவிட்டால் அந்த வருடம் முழுப் பிரீமியம் கட்ட வேண்டும், அல்லது காத்திருக்க வேண்டும். பாலிசி தொடங்கிய முதல் 15 நாளுக்குள் நோயால் செத்தால் பொதுவாகப் பணம் கிடைக்காது. புயல் எச்சரிக்கை கேட்டபிறகு ஓடிப் போய்ப் பயனில்லை என்பதற்கு இதுவும் காரணம். திருடு போனாலும் கிடைக்காது.

எல்லாவற்றுக்கும் மேலே காது வில்லை. இறந்த ஆட்டின் காதில் வில்லை இல்லையென்றால் கோரிக்கையே இல்லை என்பதுதான் நிறுவனங்களின் விதி. நம் ஆடு மேய்வது சீமைக்கருவேல முள்ளுக்குள். வில்லை சிக்கிக் காதோடு கிழிந்து விழுவது சர்வ சாதாரணம். வில்லை விழுந்த அன்றே மருந்தகத்தில் சொல்லிப் புது எண் போட்டு, அந்த எண்ணைப் பாலிசியிலும் மாற்ற வேண்டும். வாரம் ஒரு முறை, மாலையில் பட்டி அடைக்கும்போது காதுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டால் போதும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாதவர்களுக்குத்தான் “இன்சூரன்ஸ்காரன் ஏமாத்திட்டான்” என்ற கோபம் வருகிறது. அதில் நியாயமான கோபமும் உண்டு. தாமதிக்கிறார்கள், காகிதத்துக்கு அலைக்கழிக்கிறார்கள். ஆனால் வில்லை விஷயத்தை நம் கையில் வைத்துக்கொள்ள முடியும்.

12 இலக்க எண் உள்ள அந்த மஞ்சள் வில்லையைக் காப்பீடு எடுக்காதவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பேன். அந்த எண்ணோடு சொந்தக்காரர் பெயரும் ஊரும் அரசின் பாரத் பசுதன் பதிவில் ஏறிவிடுகிறது. வெள்ளத்தில் போன ஆடு உங்களுடையதுதான் என்று சொல்ல அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

மாட்டுக்கு ஒன்று, ஆட்டுக்கு ஒன்று

சரி, இரண்டையும் ஒப்பிட்டு என் முடிவைச் சொல்கிறேன். மாட்டைப் பொறுத்தவரை பேரிடரில் செத்தால் நிவாரணமே ஏறக்குறைய விலையை ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் மாடு பேரிடரில் சாவது அபூர்வம். கன்று போடும்போது, கன்று போட்ட பிறகு வரும் பால்காய்ச்சலில், வயிற்றில் பிளாஸ்டிக் சேர்ந்து, பாம்பு கடித்துத்தான் மாடு சாகிறது. இது எதற்கும் பேரிடர் நிவாரணம் வராது. 40,000 ரூபாய் மாட்டுக்கு அதே 4 ரூபாய் விகிதத்தில் நம் பங்கு 240 ரூபாய். ஒரே ஒரு கறவை மாட்டை நம்பியிருக்கும் வீடு இதை எடுக்காமல் இருக்கக் காரணமே இல்லை.

ஆட்டில் பேரிடர் நிவாரணமே விலையில் பாதிக்குத்தான் வருகிறது, நோய்க்கு அதுவும் இல்லை. அதனால் ஆட்டுக்குத்தான் காப்பீடு கூடுதல் அவசியம். ஆனால் நம் ஊரில் எல்லாம் தலைகீழாக நடக்கிறது: மாட்டுக்குக் காப்பீடு எடுக்கிற வீட்டில்கூட “ஆட்டுக்கு எதுக்கு” என்கிறார்கள். பட்டி முழுவதற்கும் வேண்டாம். வருடா வருடம் குட்டி தருகிற தாயாடுகளுக்கும் கிடாவுக்கும் எடுத்தால் போதும். கறிக்கு வளர்க்கும் கிடாக்குட்டிகள் எப்படியும் ஆறேழு மாதத்தில் விற்கப்போகிறவை. அவற்றுக்கு நிவாரணமும், நேரத்தோடு விற்பதுமே பாதுகாப்பு.

கொடி ஆடு, ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி போன்ற நம் மண்ணின் இனங்களை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். நல்ல தாய்வழி ஒன்று அழிந்தால் அதே மாதிரி ஆட்டைச் சந்தையில் காசு கொடுத்தும் வாங்க முடியாது. மதிப்பு எழுதும்போது மருத்துவரிடம் இனத்தையும் ஈற்றையும் சொல்லி, உண்மையான சந்தை விலையை எழுதச் சொல்லுங்கள். பிரீமியம் குறையட்டும் என்று மதிப்பைக் குறைத்து எழுதுகிறவர்கள் ஒரு ஆட்டுக்குப் பத்திருபது ரூபாயை மிச்சம் பிடித்து ஆயிரங்களை விடுகிறார்கள்.

கோழிக்கு நிவாரணமே போதும். மேலே போக வேண்டாம்.

கிடைக்காரர்களின் சிக்கல்

கிடை போடுகிறவர்களுக்கு நிவாரண விதி சரியாகப் பொருந்தவே இல்லை. விதி குடும்பத்தைப் பார்க்கிறது, வீட்டைப் பார்க்கிறது, ஊரைப் பார்க்கிறது. கிடையில் நாலைந்து குடும்பத்தின் ஆடு ஒன்றாகக் கலந்திருக்கும். ஊர் கடலாடியோ முதுகுளத்தூரோ பக்கம். ஆடு செத்தது திருவாரூர் மாவட்டத்து வயலில். அந்த ஊர் வி.ஏ.ஓ.வுக்கு இவர்கள் யாரென்று தெரியாது. இங்கே உள்ள வி.ஏ.ஓ.வுக்கு ஆடு செத்தது தெரியாது. குட்டிகள் கொடாப்பு என்ற கூண்டுக்குள் அடைபட்டிருக்கும்போது வயலில் வெள்ளம் ஏறினால் மொத்தமாகப் போய்விடும், ஆனால் விதியில் குட்டிக்கு இடம் குறைவு. கீதாரி ஒருவர் பெயரிலேயே எல்லா ஆட்டையும் எழுதிக் கொடுத்தால் முப்பதோடு கணக்கு முடிந்துவிடும்.

இவர்களுக்கு வழி ஒன்று இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் ஊரிலேயே ஒவ்வொரு குடும்பமும் தன் ஆட்டுக்குத் தன் பெயரில் வில்லை போட்டுவிட வேண்டும். அப்போது கிடையில் கலந்திருந்தாலும், எந்த மாவட்டத்தில் செத்தாலும், எண்ணைப் பார்த்தால் இன்னார் ஆடு என்று தெரிந்துவிடும். உச்சவரம்பும் குடும்பம் குடும்பமாகப் பிரியும்.

நூறு ஆட்டுக்காரர் காப்பீடு எடுத்தால் என்ன செலவு? ஒன்று 8,000 என்றால் மதிப்பு எட்டு லட்சம். அதே விகிதத்தில் பிரீமியம் 32,000, நம் பங்கு 4,800. அறுபது ஆடு ஒரே நாளில் போனால் நிவாரணம் 1,20,000-இல் நின்றுவிடும். காப்பீடு 4,80,000 வரை போகும். 4,800 ரூபாய் என்பது ஒரு ஆட்டின் விலைகூட இல்லை. கிடைக்காரர்கள் இதில் தயங்குவது ஏன் என்பது எனக்குப் புரிகிறது: வழியில் செத்த ஆட்டுக்கு மருத்துவரைத் தேடிப் பிடித்துப் பரிசோதனை செய்து சான்று வாங்குவது லேசான வேலை இல்லை, ஆடு நாளைக்கு வேறு வயலுக்குப் போயாக வேண்டும். ஆனாலும் 1962 வண்டி இப்போது பல இடங்களுக்கு வருகிறது. கிடையில் படித்த பையன் ஒருவன் இருந்தால், பாலிசி எண், வில்லை எண்கள், அந்தந்த வட்டாரத்து மருந்தகத்தின் தொலைபேசி எண் எல்லாம் அவன் போனில் இருக்கட்டும்.

கடனும் விற்பனையும்

கடனை நிவாரணத்தோடு ஒப்பிடுவது சரியல்ல, ஆனால் பலரும் ஒப்பிடுவதால் சொல்கிறேன். 2018-19இலிருந்து கிசான் கடன் அட்டை கால்நடை வளர்ப்போருக்கும் கிடைக்கிறது. நிலம் இருக்க வேண்டும் என்பதில்லை. 2 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் தள்ளுபடியாகி 4 சதவீதத்தில் நிற்கும். கந்துவட்டிக்கு மாதம் நூற்றுக்கு மூன்று, நான்கு என்று கட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் செத்த ஆட்டுக்கு ஈடாக இந்தக் கடனை நினைக்கக் கூடாது. தீவனம், மருந்து, பட்டியின் தரையை உயர்த்தி மேடை கட்டுவது ஆகியவற்றுக்கு மழைக்கு முன்னால் எடுத்தால் ஆடு சாவதையே குறைக்கும். மழைக்குப் பின்னால் நட்டத்தை மூட எடுத்தால் ஆடும் இல்லை, கடனும் உண்டு என்றாகிவிடும்.

விற்பது பலர் மனம் ஒப்பாத வழி. ஆனால் கிழட்டு ஆட்டையும், பலமுறை குட்டி வீசிய ஆட்டையும், கறிக்கு வளர்த்த கிடாக்களையும் தீபாவளிச் சந்தையில் விற்றுவிட்டு மழையைச் சந்திப்பது புத்திசாலித்தனம். அந்த ஆட்டுக்கு எந்தக் காப்பீடும் கிடையாது, நிவாரணம் வந்தாலும் 4,000-தான், சந்தை அதைவிடக் கூடத் தருகிறது. பட்டியில் நெரிசல் குறைந்தால் மிச்சமுள்ள ஆடும் நனையாமல், நோய் தொற்றாமல் நிற்கும்.

இதோடு தடுப்பூசியைச் சேர்த்துச் சொல்லாமல் விட முடியாது. ஆட்டுக்கொல்லிக்கும் மாட்டின் கோமாரிக்கும் அரசே இலவசமாகப் போடுகிறது. துள்ளுமாரிக்கும் நீலநாக்குக்கும் ஊசி உண்டு. மழைக்கு முன் போட வேண்டும் என்று மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த நிவாரணமும் ஈடுகட்டாத சாவுகளை இந்த ஊசிகள்தான் தடுக்கின்றன.

வறட்சிக்கு வழி என்ன

2017 ஜனவரி 10 அன்று தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை பொய்த்ததுதான் காரணம். நம் மாவட்டத்துக்கு இந்த நிலைமை புதிதல்ல. வறட்சியில் பேரிடர் விதி என்ன தருகிறது? கால்நடை முகாம் அமைத்தால் பெரிய கால்நடைக்கு நாளுக்கு 80 ரூபாய், சிறியதற்கு 45 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்கிறது. தீவனம் மானிய விலையில் கிடைக்க ஏற்பாடு செய்யலாம். ஆனால் மேய்ச்சல் கருகியதற்கு ஆட்டுக்காரர் கையில் பணம் தர வழியில்லை. காப்பீடும் உதவாது, ஏனென்றால் ஆடு சாகவில்லை, இளைத்திருக்கிறது.

அமெரிக்காவில் இதை வேறு மாதிரி செய்கிறார்கள். அங்கே பேரிடரில் இறந்த கால்நடைக்குச் சராசரிச் சந்தை விலையில் 75 சதவீதம் தரும் திட்டம் ஒன்று. வறட்சியில் மேய்ச்சலை இழந்தவருக்குப் பணம் தரும் திட்டம் இன்னொன்று. வாரா வாரம் வெளியாகும் வறட்சி வரைபடத்தில் ஒரு வட்டாரம் குறிப்பிட்ட கடுமையில் குறிப்பிட்ட வாரங்கள் நீடித்தாலே அந்த உரிமை வந்துவிடும், ஒரு மாடும் சாக வேண்டியதில்லை. அவர்கள் பண்ணையின் அளவு வேறு, நாடு வேறு. ஆனால் இரண்டு விஷயம் நம் ஆட்டுக்காரர்கள் கேட்கத்தக்கவை: நிவாரணத் தொகையைச் சந்தை விலையோடு கட்டுவது, மேய்ச்சல் இழப்பையும் இழப்பாக எண்ணுவது. ராமநாதபுரத்தைப் போன்ற மாவட்டத்தில் இரண்டாவதுதான் அதிகம் பேருக்குப் பயன்படும்.

அதுவரை வறட்சிக்கு நம் கையே உதவி. கோடையில் உதிரும் சீமைக்கருவேல நெற்றைப் பொறுக்கிக் காயவைத்துச் சாக்கில் கட்டிவைப்பது, வரப்போரம் அகத்தி, சவுண்டல், கிளுவை வைப்பது, கடன் அட்டையில் வைக்கோல் விலை குறைந்த தை மாசியிலேயே வாங்கிப் போடுவது.

கடைசியாக நாள் விஷயம். பாலிசி எடுக்கப் புரட்டாசிதான் சரியான மாதம். 15 நாள் காத்திருப்பும் மழைக்கு முன் கழிந்துவிடும், அடுத்த வருடப் புதுப்பிப்பும் மழைக்கு முன்பே வரும். மாட்டுக்கு மூன்று வருடப் பாலிசி கிடைத்தால் அதையே எடுங்கள், வருடா வருடம் அலைச்சல் இல்லை. ஆட்டுக்கு ஒரு வருடம் போதும். மூன்று வயது தாண்டிய ஆடுகளை விட்டுவிட்டு, அந்த வருடம் ஒரு வயது முடிந்த பெட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போகலாம். ஆட்டை விற்கும்போது வில்லை எண்ணில் உள்ள உங்கள் பெயரை மாற்றிக் கொடுக்கச் சொல்லி மருந்தகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் பட்டியில் இல்லாத ஆடு உங்கள் கணக்கிலேயே நின்று, அடுத்த ஆய்வின்போது உங்களுக்கே கேள்வியாக வந்து சேரும்.